மட்டையை மாற்றினால் ஆட்டம் மாறுமா? கோல்ஃப் மட்டை வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார இறுதியில் மட்டும் ஆடுபவர்கள், 85க்கும் 110க்கும் இடையில் ஸ்கோர் எடுப்பவர்கள் (ஸ்கோர் என்பது ஒரு சுற்றில் எடுக்கும் அடிகளின் எண்ணிக்கை, குறைந்தால்தான் நல்லது), கடைக்குப் போவதற்கு முன் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். நான் பயிற்சியாளனும் அல்லன், கடைக்காரனும் அல்லன். பத்தாண்டுகளுக்கு மேலாக ஆடி, இரண்டு முழுத் தொகுப்புகளையும், எண்ணிக்கையைச் சொல்லக் கூசும் அளவுக்கு டிரைவர்களையும் (முதல் அடியைத் தொலைதூரம் அனுப்பும் மட்டை) வாங்கி, ஹேண்டிகேப்பை (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) இன்னமும் 18ஐ ஒட்டியே வைத்திருப்பவன். 'கிளப்' என்ற சொல் ஆடும் கருவியையும் ஆட இடம் தரும் மன்றத்தையும் ஒருங்கே குறித்துக் குழப்புவதால், கருவியை மட்டை என்றே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: புதிய மட்டை வாங்கினால் ஸ்கோர் குறையுமா?

உங்கள் உடலுக்கும் ஸ்விங்குக்கும் (மட்டையை வீசும் விதத்துக்கும்) பொருந்தாத மட்டையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஆடியிருந்தால், பொருந்தும் மட்டை ஸ்கோரைக் குறைக்கும். இப்போதைய மட்டை ஏற்கெனவே பொருந்துகிறது என்றால், இந்த ஆண்டு மாதிரியை வாங்குவதால் கிடைப்பது பெரும்பாலும் புதுப்பொருளின் மணம் மட்டுமே. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம் என்ற பழமொழியை எங்கள் வீட்டில் என்னைப் பார்த்துச் சொல்லாத மாதம் இல்லை. ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் நேரங்களும் உண்டு. கோணல் கூடத்திலா காலிலா என்று அளந்து பார்ப்பதற்கு முன் பணத்தை எடுக்காதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது.

ஒவ்வோர் ஆண்டும் 'பத்துக் கெஜம் கூடுதல்' என்று விளம்பரம் வருகிறதே, அது பொய்யா?

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. டிரைவரின் வரலாற்றில் மெய்யான பாய்ச்சல்கள் நிகழ்ந்ததுண்டு. பெர்சிமன் மரத்தைக் கடைந்து செய்த தலைகள் கோலோச்சிய காலத்தில், 1979இல், டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலை கொண்ட டிரைவரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1991இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா 190 கனசென்டிமீட்டர் தலையோடு வந்தபோது அதுவே பூதாகரமாகத் தெரிந்தது. பிறகு டைட்டானியம் வந்தது. தலை பெருத்துக்கொண்டே போனது.

அந்தப் பெருக்கத்துக்கு விதிகள் அணை கட்டிவிட்டன. மட்டை முகம் பந்தை எவ்வளவு துள்ளலோடு திருப்பி அனுப்பலாம் என்பதற்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1998இல் 0.830 என்ற வரம்பை விதித்தது. தலையின் கன அளவு 460 கனசென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2004 முதல் விதி. அதாவது, பந்து முகத்தின் நட்ட நடுவில் படும்போது கிடைக்கும் வேகம் இருபது ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ்தான் நிற்கிறது. நடுவை விட்டு விலகிப் படும்போது ஏற்படும் இழப்பைக் குறைப்பதில்தான் நிறுவனங்கள் அதன்பின் உழைத்து வந்திருக்கின்றன. தலையின் எடையை ஓரங்களுக்குத் தள்ளி, அடிபட்டதும் தலை திருகிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் உண்மையான முன்னேற்றம் உண்டு.

நடைமுறைக் கணக்கையும் பாருங்கள். பிரிட்டனில் ஆண் அமெச்சூர் ஆட்டக்காரர்களின் டிரைவர் அடிகளை, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு மைதானத்திலேயே அளந்து வந்திருக்கிறது. 1996இல் சராசரி 200 கெஜம். 2019இல் 216 கெஜம். 23 ஆண்டுகளில் 16 கெஜம், ஆண்டுக்கு ஒரு கெஜம்கூட இல்லை. விளம்பரங்களை நம்பி ஆண்டுக்குப் பத்து என்று கூட்டியிருந்தால் இந்நேரம் நாம் எல்லாரும் 430 கெஜம் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் டிரைவர் எவ்வளவு பழையதாக இருந்தால் மாற்றலாம்?

2000க்கு முந்தைய, கைப்பிடியளவுத் தலை கொண்ட டிரைவர் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். வித்தியாசம் முதல் நாளே தெரியும். 460 கனசென்டிமீட்டர் தலை கொண்டதாகவும், பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும் இருந்தால், மாற்றக் காரணம் வயதாக இருக்கக் கூடாது. லாஃப்ட் (முகத்தின் சாய்வு), ஷாஃப்ட் (மட்டையின் தண்டு), நீளம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அளவு காட்டினால் மட்டும் மாற்றுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கும் டிரைவர்கள் 45 அங்குலத்தைத் தாண்டியே இருக்கின்றன. நீளம் கூடினால் தலையின் வேகம் கூடும் என்பது சரி. ஆனால் நடுமுகத்தில் படுவது அரிதாகிவிடும். மட்டைத் தலை மணிக்கு 90 மைல் வேகத்தில் வந்து பந்தை நடுவில் சந்தித்தால் பந்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காக, 135 மைல் வேகத்தில் கிளம்பும். ஓரத்தில் பட்டு அந்த மடங்கு 1.38 ஆகக் குறைந்தால் பந்தின் வேகம் 124 மைல்தான். தூரத்தில் ஏறத்தாழ இருபது கெஜம் போய்விடும். இந்த இருபது கெஜத்தைக் கடையில் தேடுகிறோம்; அது முகத்தின் நடுப்புள்ளியில் இருக்கிறது. டிரைவரைப் பிடிக்கும்போது கிரிப்பில் (கைப்பிடி உறையில்) ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

நண்பரின் புதிய 7 அயர்னில் அடித்தேன், என்னுடையதைவிடப் பதினைந்து கெஜம் அதிகம் போனது. இதற்கென்ன சொல்கிறீர்கள்?

அயர்ன்கள் நடுத்தரத் தூரத்துக்கான எண்ணிட்ட மட்டைகள்; எண் சிறியதானால் தூரம் கூடும். அந்த மட்டையின் லாஃப்ட் எத்தனை பாகை என்று கேட்டீர்களா? லாஃப்ட் என்பது மட்டை முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் (வீட்டில் பழைய சாமான் ஏற்றும் லாஃப்ட் அல்ல, அதற்கும் இந்தக் கதையில் பிறகு வேலை வரும்). கோணம் குறையக் குறையப் பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும். ஒரு தலைமுறைக்கு முன் 7 அயர்ன் என்றால் 35 பாகை அல்லது அதற்கும் மேல். இன்று புதியவர்களுக்கென விற்கும் தொகுப்புகளில் 7 அயர்ன் 28 முதல் 30 பாகைக்குள் இருக்கிறது. அடியில் எழுதியிருக்கும் எண் 7தான், ஆனால் நீங்கள் அடித்தது பழைய கணக்கில் 6 அயர்ன், சில தொகுப்புகளில் ஏறத்தாழ 5 அயர்ன். நியாயமாகச் சொன்னால், எடையைத் தலையின் அடியில் இறக்கியிருப்பதால் அந்தச் சிறிய கோணத்திலும் பந்து போதிய உயரம் எழும்புகிறது. அது பொறியியல் சாதனைதான். ஆனால் உங்கள் ஸ்விங் பதினைந்து கெஜம் வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் ஒரு பின்விளைவு உண்டு. வாங்கிய பிறகுதான் தெரியவரும். 7 அயர்ன் கோணம் குறைந்தால் பிட்சிங் வெட்ஜ் (குறுந்தூரத்துக்குப் பந்தை உயர எழுப்பும் மட்டை) கோணமும் 43, 44 பாகைக்கு இறங்கிவிடும். உங்கள் பையில் ஏற்கெனவே இருக்கும் சேண்ட் வெட்ஜ் 56 பாகை. நடுவில் 12 பாகை வெற்றிடம். பிட்சிங் வெட்ஜ் 115 கெஜம், சேண்ட் வெட்ஜ் 80 கெஜம் என்று வைத்துக்கொண்டால், 95 கெஜத்தில் பந்து கிடக்கும்போது கையில் எடுக்க மட்டையே இல்லை. ஒன்றை அரைகுறையாக வீச வேண்டும், அல்லது இன்னொன்றை உயிரைக் கொடுத்து அடிக்க வேண்டும். இரண்டுமே நம்மைப் போன்றவர்களுக்குச் சரிப்படாதவை. ஆகவே புதிய அயர்ன் தொகுப்பின் விலையோடு 50 பாகை வெட்ஜ் ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

'ஃபிட்டிங்' என்கிறார்களே, அது பெரிய ஆட்டக்காரர்களுக்குத்தானே?

நேர்மாறு. தொழில்முறை ஆட்டக்காரர் பொருந்தாத மட்டையையும் கொஞ்ச நேரத்தில் வசப்படுத்திவிடுவார்; நாம் அந்த மட்டைக்கு ஏற்ப உடம்பை வளைத்துக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொள்வோம். தையற்காரர் அளவெடுப்பது போன்றதே ஃபிட்டிங். நீளம், லாஃப்ட், லை கோணம் (மட்டையைத் தரையில் வைக்கும்போது தண்டு தரையோடு கொள்ளும் கோணம்), ஷாஃப்டின் எடையும் விறைப்பும், கிரிப்பின் தடிமன் ஆகியவற்றை நீங்கள் அடிப்பதைப் பார்த்து முடிவு செய்வார்கள். பந்து கிளம்பும் வேகம், எழும் கோணம், சுழற்சி, காற்றில் சென்ற தூரம் இவற்றையெல்லாம் லாஞ்ச் மானிட்டர் என்ற கருவி, ராடார் அல்லது கேமரா வழியாக அளந்து காட்டும்.

கடைக்குப் போவதற்கு முன் நீங்களே ஒன்றைச் சோதிக்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் பேனா ஒன்று போதும். பந்தின் மேல் தடித்த கோடு ஒன்றை இழுத்து, அந்தக் கோடு செங்குத்தாக நின்று மட்டை முகத்தைப் பார்க்குமாறு பந்தை வையுங்கள். 7 அயர்னால் அடியுங்கள். மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்போது இரண்டு செய்திகள் ஒரே கோட்டில் கிடைக்கும். கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பது பந்து பட்ட இடத்தைச் சொல்லும்: ஷாஃப்ட் பக்கமான ஹீலிலா, வெளிமுனையான டோவிலா, நடுவிலா என்று. கோடு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது லை கோணத்தைச் சொல்லும். நேராக நின்றால் சரி. கோட்டின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை உங்களுக்கு அதிகம் நிமிர்ந்து நிற்கிறது என்று பொருள்; வலக்கை ஆட்டக்காரரின் பந்து இலக்குக்கு இடப்பக்கமாகக் கிளம்பும். ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் நிலைமை தலைகீழ். துடைத்துவிட்டு மீண்டும் அடியுங்கள். பத்து அடிகளையும் பாருங்கள், ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நான் இதைச் செய்தபோது பத்தில் ஏழு கோடுகள் டோ பக்கம் சாய்ந்திருந்தன. கடையில் தொங்கும் தொகுப்புகள் என்னைவிட உயரமான ஆளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். மட்டைகளின் கழுத்தை இயந்திரத்தில் பிடித்து இரண்டு பாகை வளைத்துக் கொடுத்தார்கள். வார்ப்பில் செய்த தலைகளைவிட அடித்துச் செய்த மென்மையான எஃகுத் தலைகள் இதற்கு எளிதாக இசைந்து கொடுக்கும். அந்த வேலைக்கான செலவு ஒரு புதிய டிரைவரின் விலையோடு ஒப்பிட்டுப் பேசத் தக்கதே அல்ல. என் கோல்ஃப் வாழ்க்கையில் கூடம் கோணல் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது அந்த ஒரு முறைதான்.

ஷாஃப்டில் ஆர், எஸ் என்றெல்லாம் எழுதியிருப்பது எதைக் குறிக்கிறது?

விறைப்பை. எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று வரிசையாக விறைப்பு கூடிக்கொண்டே போகும். இதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ்ஸாக இருக்கலாம். ஆகவே எழுத்தைப் பார்த்து வாங்குவது, செருப்பின் அளவை அண்டை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குவதற்குச் சமம்.

நான் அப்படித்தான் வாங்கினேன். ஹேண்டிகேப் 22 இருந்த நாட்களில், தொலைக்காட்சியில் பார்த்த மெல்லிய தலை அயர்ன்களின் மேல் ஆசைப்பட்டு, எஸ் என்று பொறித்த கனமான எஃகு ஷாஃப்டோடு ஒரு தொகுப்பை வாங்கிவிட்டேன். விற்றவர் என் ஸ்விங்கை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை. அடுத்த பதினொரு மாதங்கள் பந்து தாழ்வாக, வலப்பக்கமாக, மணிக்கட்டு வலியோடு சென்றது. முதல் ஒன்பது குழிகள் ஓரளவு சமாளிப்பேன், பதின்மூன்றாம் குழிக்கு மேல் கை சோர்ந்துவிடும். கடைசியில் உண்மையைச் சொன்னவர் என் கேடி (பையைச் சுமந்து உடன் வருபவர்). மட்டை நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறொருவருடைய மட்டை என்றார்.

எஸ் வேண்டும் என்ற ஆசைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஆண்களின் வீம்பு. அறுபதைத் தாண்டிய எத்தனையோ பேர் இலகுவான கிராஃபைட் ஷாஃப்டுக்கு மாறினால் பந்து எழும்பிப் போகும். ஏ என்ற எழுத்து முதியோரைக் குறிக்கிறதாமே என்று மறுத்துவிடுகிறார்கள். அந்த எழுத்தின் மேல் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவருக்கு யோசனை சொன்னேன். ஒட்டிக்கொண்டார், இப்போது மகிழ்ச்சியாக ஆடுகிறார்.

என் பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது. ஸ்லைஸைத் திருத்தும் டிரைவர் உண்டாமே?

தணிக்கும் டிரைவர் உண்டு, திருத்தும் டிரைவர் இல்லை. பந்து கிளம்பும் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் மட்டை முகம் எங்கே பார்த்தது என்பதே. முகத்துக்கும் மட்டை வந்த பாதைக்கும் உள்ள வேறுபாடு பந்தை வளைக்கிறது. எடையை ஹீல் பக்கம் வைத்த டிரைவர்கள் முகம் மூடுவதற்குச் சற்று உதவுகின்றன. லாஃப்ட் கூடினால் பக்கச் சாய்வு குறைந்து வளைவும் குறைகிறது. 9 பாகை டிரைவரைத் தூக்கித் திரியும் பலருக்கு 10.5 அல்லது 12 பாகை டிரைவர் நேராகவும், பல நேரங்களில் தூரமாகவும் போகும் என்பதை அவர்கள் நம்ப மறுப்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆனாலும் கணக்கு இரக்கமற்றது. முகம் ஒரு பாகை பிசகினாலே 200 கெஜத்தில் பந்து மூன்றரைக் கெஜம் விலகும். வளைவு அதற்கு மேல் சேரும். ஐந்து பாகை திறந்த (வலப்பக்கம் திரும்பிய) முகத்தோடு வருபவரை எந்த எடைத் திருகாணியும் காப்பாற்றாது. இங்கே கோணல் காலில்தான், பயிற்சியாளரிடம் போங்கள்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எந்த மட்டையை முதலில் மாற்றுவது?

உங்கள் அடிகளை எண்ணுங்கள். சென்ற மாதம் நான் 93 எடுத்த சுற்று ஒன்றைக் கேடியின் உதவியோடு எழுதி வைத்தேன். டிரைவர் 13, ஃபேர்வே மட்டையும் ஹைப்ரிடும் (டிரைவருக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டவை) 9, அயர்ன் 17, வெட்ஜ் 14, பட்டர் 37, தண்டனை அடிகள் 3. பட்டர் என்பது கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) பந்தை உருட்டும் மட்டை. என் பையிலேயே விலை கூடியது 13 முறை வெளியே வந்த மட்டை. விலை குறைந்தது 37 முறை வெளியே வந்த மட்டை.

இதிலிருந்து பட்டரை மட்டும் மாற்றினால் போதும் என்ற முடிவுக்குத் தாவவும் கூடாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஏராளமான அடிகளின் தரவுகளை அலசி, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள ஸ்கோர் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் உருவாகிறது என்று காட்டினார். என் சுற்றிலும் அந்த மூன்று தண்டனை அடிகளும் டிரைவரும் ஹைப்ரிடும் தந்த பரிசுகள்தான். ஆக, எந்த மட்டை அதிகம் வெளியே வருகிறது என்பதும், எந்த மட்டையால் அதிகம் இழக்கிறீர்கள் என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஐந்து சுற்றுகளுக்காவது எழுதிப் பாருங்கள்.

எழுதிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர் முதலில் கிரிப்பை மாற்றட்டும். சென்னை வெயிலில், ஒரு சுற்றுக்குள் இரண்டு கையுறைகள் நனைந்துபோகும் ஊரில், வியர்வையும் சன்ஸ்கிரீன் எண்ணெயும் ஊறிய ரப்பர் கிரிப் ஓராண்டில் கண்ணாடி போல் வழவழத்துவிடும். மட்டை நழுவும் என்ற பயத்தில் கையை இறுக்குகிறோம். கை இறுகினால் தோள் இறுகும், தோள் இறுகினால் ஸ்விங் குறுகும். எல்லா மட்டைகளுக்கும் கிரிப் மாற்றினாலும் ஒரு வெட்ஜின் விலைதான் ஆகும். வாரா வாரம் சோப்புத் தண்ணீரால் கழுவினால் அந்தச் செலவையும் தள்ளிப்போடலாம்.

கிரிப்புக்கு அடுத்து நான் சொல்வது வெட்ஜ். அதன் முகத்திலுள்ள பள்ளக் கோடுகள் மணலிலும் கல்லிலும் தேயும். தேய்ந்தால் பந்து கிரீனில் நிற்காமல் ஓடும். நகத்தால் வருடிப் பாருங்கள், விளிம்பு தட்டுப்படாவிட்டால் அதன் காலம் முடிந்தது.

பந்தை மாற்றினால்?

மலிவான இரண்டடுக்குப் பந்துகளின் கெட்டியான மேலுறைக்கும், விலை கூடிய பந்துகளின் யூரித்தேன் மேலுறைக்கும் உள்ள வேறுபாடு வெட்ஜில் நன்றாகத் தெரியும், டிரைவரில் அதிகம் தெரியாது. சுற்றுக்கு மூன்று பந்துகளைத் தண்ணீருக்குத் தானம் செய்பவர் யூரித்தேன் வாங்குவதில் பொருளில்லை. எதை வாங்கினாலும் ஒரே வகையை வாங்குங்கள். புதரில் கண்டெடுத்த ஐந்து வகைப் பந்துகளால் ஆடிக்கொண்டு பட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடிக்கடி மட்டையை மாற்றுகிறார்களே?

ஒப்பந்தம் மாற்றச் சொல்கிறது, பணமும் கொடுக்கிறது. நமக்கு அந்த இரண்டும் இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும் இடத்தில் அவர்கள் எவ்வளவு பிடிவாதக்காரர்கள் என்பதையும் பாருங்கள். டைகர் உட்ஸ் வென்ற 15 மேஜர் பட்டங்களில் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளின் பட்டங்கள்) 14 ஒரே ஸ்காட்டி கேமரன் பட்டரால் வந்தவை. ஸ்வீடன் ஆட்டக்காரர் ஹென்ரிக் ஸ்டென்சன், காலவேயின் பழைய டயாப்ளோ ஆக்டேன் 3 வுட்டை (ஒரு ஃபேர்வே மட்டை), அது கடைகளிலிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் விடாமல் வைத்திருந்தார்.

புதிய டிரைவர் வாங்கிய வாரமே நன்றாக ஆடினேன். இது சான்று ஆகாதா?

ஆகாது, மூன்று காரணங்களால்.

நாம் எப்போது மட்டை வாங்குகிறோம்? தொடர்ந்து மோசமாக ஆடி மனம் வெறுத்திருக்கும்போது. மோசமான சுற்றுகளுக்குப் பின் ஆட்டம் தானாகவே நம் வழக்கமான தரத்துக்குத் திரும்பும். காய்ச்சல் இறங்கப்போகும் நேரத்தில் மந்திரித்த கயிறு கட்டினால் பெயர் கயிற்றுக்குத்தான் போகும்.

இரண்டாவது, இடம். என் நண்பர் ஒருவர் புதிய டிரைவரைச் சென்னையில் வாங்கி, முதன்முதலாகக் கொடைக்கானலில் அடித்தார். 1895இல் தொடங்கிய அந்த மன்றத்தின் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரை ஊரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுத் தடை குறைவதால் பந்து ஆறு முதல் எட்டு விழுக்காடு வரை கூடுதலாகப் பறக்கும். 200 கெஜம் அடிப்பவருக்கு 12 முதல் 16 கெஜம். நண்பர் அன்றிரவு தொலைபேசியில் டிரைவரை வானளாவப் புகழ்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னை நந்தனம் மைதானத்தில் அவரைப் பார்த்தேன். டிரைவரைப் பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி காண்கிறது. ஒரு வாரத்தின் ஆட்டத்தை நம்பக் கூடாது என்பதற்காகவே அப்படி வகுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு சுற்று ஆடுபவருக்கு 20 சுற்று முடிய ஐந்து மாதம். அதுவரை தீர்ப்பை ஒத்திவையுங்கள்.

பிறர் பயன்படுத்திய மட்டையை வாங்கலாமா?

தாராளமாக. டிரைவரின் வேக வரம்பு அப்படியே நிற்கும்போது, மூன்று நான்கு ஆண்டு பழைய மாதிரியைப் பாதி விலைக்கு வாங்குபவர் இழப்பது மிகக் குறைவு. அமெரிக்காவில் முன்னணி நிறுவனங்களின் புதிய டிரைவர் 600 டாலரை ஒட்டி விற்கிறது. இறக்குமதிச் செலவு சேர்ந்து நம் கைக்கு வரும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. எச்சரிக்கை வேண்டியது போலிகளிடம்தான். டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. டைட்டானியம் முகம் என்று விற்கப்படும் டிரைவரின் முகத்தில் குளிர்பதனப் பெட்டிக் காந்தம் பிடித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். கழுத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணையும், எழுத்துகளின் நேர்த்தியையும் பாருங்கள்.

பெண்களும் சிறுவர்களும் ஆடும் மட்டைகளுக்கு இதெல்லாம் பொருந்துமா?

கூடுதலாகவே பொருந்தும். 'பெண்கள் தொகுப்பு' என்ற பெயரில் வருவது ஒரே அளவு, ஒரே விறைப்பு. வேகமாக வீசும் பெண்ணுக்கு அது ஓலைக் கீற்றைப் போல் ஆடும். அப்பாவின் மட்டையைக் குறுக்கி மகனுக்குக் கொடுப்பதையும் தவிருங்கள். நீளம் குறையும், தலையின் எடை குறையாது. ஷாஃப்டும் முன்னைவிட விறைத்துவிடும். பிள்ளை அதைத் தூக்கவே முதுகை வளைப்பான்.

விதிகளில் கவனிக்க வேண்டியது உண்டா?

பையில் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது. வரம்பு மீறிய துள்ளல் கொண்ட டிரைவர்களும் சந்தையில் உண்டு. அவற்றோடு போட்டிகளில் ஆட முடியாது, அவற்றால் எடுத்த ஸ்கோரை ஹேண்டிகேப்புக்குக் கொடுக்கவும் முடியாது.

பயிற்சிக்குச் செலவிடுவதா, மட்டைக்குச் செலவிடுவதா?

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பயிற்சிக்கு. ஆனால் பயிற்சியாளரிடம் முதல் நாளே உங்கள் பையைத் திறந்து காட்டுங்கள். ஸ்விங்கைத் திருத்திக்கொண்டிருக்கும் நடுவில் முழுத் தொகுப்பு வாங்குவது, எடை குறைக்கத் தொடங்கிய மாதத்தில் கோட்டுத் தைத்துக்கொள்வதைப் போன்றது. ஆறு மாதத்தில் அளவு மாறிவிடும். படுமோசமாகப் பொருந்தாத மட்டையை வைத்துக்கொண்டு பயிற்சி எடுப்பதும் வீண். நடைமுறையில் நான் கண்ட வரிசை இது: முதலில் கிரிப், கூடவே ஐந்தாறு வகுப்புகள், பிறகு லை கோணச் சரிபார்ப்பு, ஸ்விங் ஓரளவு நிலைத்த பின் ஃபிட்டிங்கோடு டிரைவர் அல்லது அயர்ன்.

புதியது வாங்கினால் பழைய தொகுப்பை உடனே விற்றுவிடலாமா?

வேண்டாம், ஐந்து மாதம் வைத்திருங்கள். 20 சுற்று முடிந்ததும் இரண்டு 7 அயர்ன்களையும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில், ஒரே வகைப் பந்தால் பத்துப் பத்தாக மாற்றி மாற்றி அடித்து, எந்தப் பந்து மிகத் தூரம் போனது என்று பார்க்காமல், பத்துப் பந்துகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பாருங்கள். பழையதன் பந்துகள்தாம் நெருக்கமாக விழுந்தால், விற்க வேண்டியது புதியது. பட்டரை மட்டும் எந்த நாளும் விற்காதீர்கள். விற்ற பட்டரைத் திரும்ப வாங்க அலைந்தவர்கள் இருவரை எனக்குத் தெரியும். என்னுடைய அந்த எஸ் ஷாஃப்ட் தொகுப்பு, சமையலறைக்கு மேலே வீட்டு லாஃப்டில், தோசைக்கல்லுக்கும் கொலுப் படிக்கும் நடுவில் இருக்கிறது. அதிலிருந்து 9 அயர்னை மட்டும் அவ்வப்போது இறக்குகிறோம், ஒட்டடை அடிக்க.